காட்டுக்குள்ளே ஒரு டப்பா!

அமெரிக்க ராணுவம் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது சொச்சம் சாட்டிலைட்டுகளைச் சுற்ற விட்டிருக்கிறது. குறி தப்பக்கூடாது, கப்பல் வழி மாறக்கூடாது என்பதற்காகக் கொட்டிய பணம் அது. அந்தச் சாட்டிலைட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் என்ன செய்கிறது தெரியுமோ? மரப்பொந்தில் ஒளித்து வைத்த பிளாஸ்டிக் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறது!

சிரிக்காதீர்கள். உலகம் பூராவும் இப்படி முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. பூங்கா பெஞ்சுக்கு அடியில், பாலத்தின் இடுக்கில், மலை உச்சிப் பாறைக்குப் பின்னால். நீங்கள் ஒன்றின் மேலேயே உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துவிட்டு வந்திருக்கலாம். 2008-ல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் சொந்தச் செலவில் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, அங்கேயும் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வந்தார். போய்த் தேடுவதுதான் கஷ்டம்.

இந்த ஆட்டத்துக்குப் பெயர் 'ஜியோகேச்சிங்'. ஒருவர் டப்பாவை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கிற நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு கிடையாது. கோப்பை கிடையாது. "அப்புறம் எதுக்குய்யா இது?" என்றுதான் நானும் கேட்டேன்.

* * *

கதை ஆரம்பித்த வருஷம் 2000. அதுவரை ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு கோணல் வைத்திருந்தது. ராணுவத்துக்குத் துல்லியம், பொதுமக்களுக்குக் கலங்கல். சாதாரண ஆள் கையில் கருவி இருந்தால் 'நீ இங்கே இருக்கிறாய்' என்று சொல்லும். ஆனால், அந்த 'இங்கே'யில் நூறு மீட்டர் வரை பிசகு இருக்கும். நம் வீட்டைத் தேடிப் போனால் அடுத்த தெருவில் கொண்டுபோய் விடும்.

2000 மே மாதம் 1-ம் தேதி அதிபர் கிளின்டன், 'இந்தக் கோணலை எடுத்துவிடுங்கள்' என்று அறிவித்தார். அன்றைய நள்ளிரவில் எடுத்துவிட்டார்கள். ஒரே ராத்திரியில் உலகத்தில் இருந்த கருவிகள் எல்லாம் பத்து மடங்கு கெட்டிக்காரத்தனமாகிவிட்டன. யாரும் புதுசாக எதையும் வாங்கவில்லை!

ஆரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்று ஒரு கம்ப்யூட்டர் ஆசாமி. இந்தத் துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது. மே 3-ம் தேதி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை எடுத்தார். அதில் சில புத்தகங்கள், சாஃப்ட்வேர், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு உண்டிவில், ஒரு பீன்ஸ் டின் எல்லாம் போட்டு, பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையோரக் காட்டில் வைத்தார். இன்டர்நெட் குழு ஒன்றில் இடத்தின் எண்களைப் போட்டு, 'எதையாவது எடுங்கள், எதையாவது வையுங்கள், நோட்டில் எழுதுங்கள்' என்கிற ரீதியில் ஒரு குறிப்பு. மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் போனவர் மைக் டீக். அந்த மாதம் முடிவதற்குள் மாட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேச்சிங்' என்று பெயரும் வைத்துவிட்டார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே வெப்சைட் தொடங்கியபோது மொத்தம் இருந்தவை 75 டப்பாக்கள்தான்.

முதல் வாளி வைத்த இடம்: வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம். கடைசியாக இருக்கிற அந்தச் சின்னப் புள்ளிக்கணக்கை அலட்சியம் செய்யாதீர்கள். வடக்கு - தெற்காகப் பார்த்தால், நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 1.85 மீட்டர். ஓர் ஆள் படுத்தால் வருகிற நீளம்!

* * *

2018-ல் கம்பெனி என்னை ஆரெகனுக்கு அனுப்பியது. போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில் ஹில்ஸ்போரோ. சிப் தயாரிக்கிற ஊர் என்பதால் நம்மவர்களுக்குப் பஞ்சமில்லை. என் ரூம்மேட் மதுரைக்காரன். ஒன்றரை வருஷமாக அங்கே இருந்தவன். 'போர்ட்லாண்டில் என்னவெல்லாம் பார்த்தாய்?' என்று கேட்டால் மூன்று இடம் சொல்வான். ஆபீஸ், அபார்ட்மென்ட், இந்தியன் கடை. அந்தக் கடையில் முருங்கைக்காய் எந்த வரிசையில் இருக்கிறது என்பது வரை தெரியும். அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. சனி, ஞாயிறு வந்தால் தூக்கம், சாம்பார், ஊருக்கு போன்.

மூன்று வாரத்தில் அவன் ஊர் திரும்பவேண்டும் என்று ஆர்டர் வந்தது. அன்று ராத்திரி சாதம் பிசைந்துகொண்டே, "மாப்ளே, ஒன்றரை வருஷம் இந்த ஊர்ல இருந்திருக்கேன். நான் இருந்தேன்கிறதுக்கு இங்க ஒரு அடையாளம் இருக்கா?" என்று கேட்டான். வாடகை ரசீதைக் காட்டினேன். முறைத்தான்.

ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். வெள்ளைக்காரர். ரிடையராக ஆறு மாதம் பாக்கி. அவர்தான் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னவர். "முதல் வாளி வைத்த இடம் இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். வருகிறீர்களா?" என்றார். செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. மழைக்காலம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மதுரைக்காரனை எழுப்பிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

போர்ட்லாண்டைத் தாண்டி 205-ம் நம்பர் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் ஆரெகன் சிட்டி வருகிறது. 1840-களில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, 3,000 கிலோமீட்டருக்கு மேல் நடையும் வண்டியுமாக, மேற்கே பிழைக்க வந்த குடும்பங்களின் பயணம் முடிந்த ஊர். "அவங்களுக்கு விசா பிரச்னை இல்ல" என்றான் மதுரைக்காரன், பின்சீட்டில் இருந்து.

ஊரைத் தாண்டியதும் மேடும் பள்ளமுமாகச் சாலை. இரண்டு பக்கமும் டக்ளஸ் ஃபர் மரங்கள், கோபுரம் கோபுரமாக. நடுநடுவே கிறிஸ்துமஸ் மரம் பயிரிடும் தோட்டங்கள். வானம் தெளிந்திருந்த ஒரு திருப்பத்தில் ஹூட் மலை வெள்ளைத் தொப்பியோடு எட்டிப் பார்த்தது. சாலையோரம் முழுக்க முள்புதர். பழம் கறுப்புக் கறுப்பாகத் தொங்குகிறது. பெயர் ஹிமாலயன் ப்ளாக்பெர்ரி. பெயரில்தான் ஹிமாலயம். உண்மையில் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து, கைமீறிப் பரவி, மாநிலத்தையே வளைத்துப் போட்டுவிட்ட செடி. நம்ம ஊர் சீமைக்கருவேலத்துக்குச் சித்தப்பா பையன்!

* * *

போய் இறங்கினால்... கோயில் இல்லை, கொடிமரம் இல்லை. சாலையோரத்துச் சரிவு. அங்கே ஒரு உலோகப் பலகை. அவ்வளவுதான். முதல் வாளி இன்று இல்லை. அந்த இடத்தின் நினைவாக இந்தக் கூட்டத்தார் 2003-ல் காசு போட்டுப் பதித்த பலகை இது. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் ஒரு குடும்பம் வந்து, பலகையைத் தொட்டுப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனது.

பக்கத்தில் கையெழுத்துப் போடுவதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. எங்கே என்று சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது என்பது இந்த ஆட்டத்தின் முதல் மரியாதை.

பெரியவர் பலகையைக் காட்டி, "ஒரு வேடிக்கை தெரியுமா? இங்கே வைத்த முதல் வாளி, இன்றைய விதிப்படி செல்லாது!" என்றார்.

எப்படி? உல்மர் வாளியை முக்கால்வாசி மண்ணில் புதைத்திருந்தார். இன்று நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தோண்டிப் புதைக்கக்கூடாது. அதில் பணம் போட்டிருந்தார். இன்று யாரும் பணம் வைப்பதில்லை, திருடனுக்கு அழைப்பிதழ் வைத்தது போலாகும். உள்ளே பீன்ஸ் டின் இருந்தது. இன்று சாப்பிடுகிற சாமான் எதுவுமே கூடாது. மிட்டாய்கூட. மனிதனுக்கு முன்னால் மோப்பம் பிடித்து எறும்போ எலியோ கரடியோ கண்டுபிடித்துவிடும். அந்தப் பீன்ஸ் டின் மட்டும் எப்படியோ பிழைத்து, இந்தக் கூட்டத்தாரின் விழாக்களில் காட்சிப் பொருளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்ன யோகமோ!

விதிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு. நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது. பள்ளிக்கூடம், ரயில் தண்டவாளம், ராணுவ இடம் பக்கம் போகவே கூடாது. டப்பா வைத்தவுடன் ஆட்டத்தில் சேர்ந்துவிடாது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் வரைபடத்தை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பட்டியலில் ஏறும்.

டப்பாவின் மேல் இது என்ன, யாருடையது என்று எழுதி ஒட்டுவதும் முக்கியம். 2011-ல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில், காபிக்கடை வாசலில் இருந்த ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்துத் தெருவையே காலி செய்து, ராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்க வைத்து அழித்தார்கள். யாரோ ஆசையாக வைத்த டப்பா!

* * *

அடுத்ததாக ஒரு வேலிக் கம்பம். மதுரைக்காரன் கையில் போனைக் கொடுத்தார் பெரியவர். "நீங்கள் தேடுங்கள். பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள்."

காரணம் உண்டு. திறந்த வெளியில் போன் ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் சிக்னல் இலையிலும் கிளையிலும் மோதிச் சிதறி வருவதால் இன்னும் தடுமாறும். டப்பா வைத்தவரின் கருவியும் தடுமாறியிருக்கும். இரண்டு தடுமாற்றத்தையும் கூட்டிப் பாருங்கள். கடைசிப் பத்து மீட்டர் சாட்டிலைட்டின் வேலை இல்லை. கண்ணின் வேலை. 'நானாக இருந்தால் எங்கே ஒளித்திருப்பேன்?' என்று யோசிக்கவேண்டும். இயற்கையாக இல்லாத ஏதாவது... கொஞ்சம் அதிக ஒழுங்காக அடுக்கிய கல், காரணமில்லாமல் சாய்ந்த குச்சி...

அப்போது சைக்கிளில் ஓர் அம்மாள் வந்தார். பெரியவர் சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். எனக்குப் புரியவில்லை. "மகிள்!" என்று கிசுகிசுத்தார். ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் தெரியாத சாதாரண மனிதர்களுக்கு இருக்கிற பெயர். ஆட்டம் தெரியாதவர்களுக்கு அதையே வைத்துவிட்டார்கள். மகிள் பார்த்துவிட்டால், டப்பாவைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆகவே, ஆள் வந்தால் நடிக்கவேண்டும். மதுரைக்காரன் போனைக் காதில் வைத்து, "ஆமாம்மா... சாப்ட்டேன்மா..." என்று பிரமாதமாக நடித்தான். ஒன்றரை வருஷப் பழக்கம்.

கம்பத்தின் தலையில் இருந்த மூடியைத் தூக்கியது அவன்தான். உள்ளே, பழைய கேமராவுக்குப் போடுகிற ஃபிலிம் டப்பா! நூறு மில்லிக்கும் குறைவான இந்தச் சைஸுக்கு 'மைக்ரோ' என்று பெயர். ஒரு லிட்டர் வரை 'ஸ்மால்'. இருபது லிட்டர் வரை 'ரெகுலர்'. அதற்கு மேல் 'லார்ஜ்'. மைக்ரோவிலும் குட்டியாக, சுண்டுவிரல் நுனி அளவுக்குக் காந்தம் வைத்த டப்பா உண்டு. அதில் நோட்டு கிடையாது, சுருட்டிய காகித நாடாதான். புருவம் திருத்துகிற ட்வீஸர் இல்லாமல் வெளியே எடுக்க முடியாது. 'ஆபீஸ் பையில் ட்வீஸர் எதற்கு?' என்று வீட்டில் கேட்டால், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண். கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம், போய்ச் சேருவது எவ்வளவு கஷ்டம் என்று தனித்தனியாக ஒன்று முதல் ஐந்து வரை. போய்ச் சேருவதில் ஐந்து என்றால் படகோ கயிறோ தேவைப்படும். புதியவர்கள் ஒன்றரையைத் தாண்டவேண்டாம்.

சாமான்கள்? பெரிய செலவில்லை. போன். அது சாகாமல் இருக்க பவர் பேங்க். டார்ச். முழங்கை வரை மூடுகிற சட்டை, ஷூ. அந்தப் பக்கத்தில் 'பாய்சன் ஓக்' என்று ஒரு செடி, மூன்று மூன்று இலையாக இருக்கும். தொட்டால் வாரக்கணக்கில் சொறிந்துகொண்டு இருக்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு பேனா. நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு!

* * *

மூன்றாவது பெட்டி பெரியவருடையது. காட்டுக்குள் இருபது நிமிட நடை. விழுந்து கிடந்த மரத்தின் அடியில், பட்டைகளை விலக்கினால், பச்சை நிற இரும்புப் பெட்டி. ராணுவத்தில் தோட்டா வைக்கிற பெட்டி. மூடியில் ரப்பர் வளையம் இருப்பதால் தண்ணீர் இறங்காது. ஆரெகன் மழைக்கு இதைவிடச் சிறந்த டப்பா கிடையாது என்கிறார்கள். பச்சைக்கு மேலே, இது விளையாட்டுப் பெட்டி என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்.

உள்ளே ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் நோட்டு. நனைந்தாலும் எழுதக்கூடிய காகிதம். அப்புறம் ஒரு பொம்மைக் கார், சாவிக்கொத்து, கோலிக்குண்டு, மரத்தில் செதுக்கிய குட்டி பீவர். நாய்ச் சங்கிலி போன்ற ஒன்றில் எண் அடித்த தகடு. அது எடுத்து வைத்துக்கொள்வதற்கு இல்லை. 'டிராவல் பக்' என்று பெயர். யாராவது எடுத்து அடுத்த டப்பாவில் போடவேண்டும். அப்படியே ஊர் ஊராகப் போகும், சொந்தக்காரர் வீட்டில் இருந்தபடி இன்டர்நெட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். இது ஜெர்மனியில் இருந்து கிளம்பிய தகடு.

"எதையாவது எடுத்தால், அதே மதிப்புக்கோ மேலாகவோ ஒன்றை வைக்கவேண்டும். எடுக்காமலும் இருக்கலாம்" என்றார் பெரியவர்.

நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. 2003. ஒன்று பெரியவருடையது. "இன்னொன்று என் மனைவி. அவள்தான் இந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவள் போய் நாலு வருஷமாகிறது. நான் மாதம் ஒருமுறை வந்து, நோட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவேன்" என்றார். வானிலை அறிக்கை வாசிப்பது போலத்தான் சொன்னார். நாங்கள் இருவரும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மதுரைக்காரன் கேட்டான்: "சார், நானும் ஒரு பெட்டி வெச்சுட்டுப் போகட்டுமா? ஊருக்குப் போறதுக்குள்ள?"

பெரியவர் யோசிக்கவே இல்லை. "கூடாது. நீங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வது? தண்ணீர் இறங்கினால்? நோட்டு தீர்ந்தால்? திரும்பி வந்து பார்க்க முடியாத இடத்தில் பெட்டி வைப்பது, நாய்க்குட்டியை வாங்கிச் சாலையில் விட்டுவிட்டுப் போவது மாதிரி. வைப்பதற்கு ஐந்து நிமிஷம். வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆட்டமே."

இதுவும் விதிதான். சுற்றுலா வந்த இடத்தில் வைக்கிற டப்பாவைத் தொண்டர்கள் பட்டியலில் ஏற்றமாட்டார்கள்.

மதுரைக்காரன் முகம் சுருங்கிப் போயிற்று. கால்சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவினான். வெளியே வந்தது... ஒரு பம்பரம்! சிவப்பும் பச்சையும் வரி போட்ட மரப் பம்பரம், சாட்டையோடு. ஊரில் இருந்து வரும்போது கொண்டுவந்து, ஆபீஸ் மேஜையில் வைத்திருந்ததாம். பெட்டிக்குள் வைத்தான். பதிலுக்கு எதையும் எடுக்கவில்லை. நோட்டை வாங்கி, தமிழில் பெயர், கீழே 'மதுரை', தேதி, எல்லாம் நிதானமாக எழுதினான். பேனா என்னுடையது.

பெரியவர் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நோட்டு தீர்ந்தால் பழையதைத் தூக்கிப் போடமாட்டேன். எல்லாம் வீட்டில் இருக்கிறது" என்றார்.

* * *

ஊரில் இதை ஆரம்பிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். இந்தியாவிலும் டப்பாக்கள் உண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக. இலவச ஆப் ஒன்றைப் போனில் போட்டால் பக்கத்தில் எது என்று காட்டும். தேடுவதோடு ஆரம்பியுங்கள். ஒளிக்கிற ஆசை வந்தால் ஒரு தடவைக்கு மூன்று தடவை யோசியுங்கள். 'கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைத் தொடாதீர்கள்' என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் கத்துகிற நாடு இது. பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், கோயில் வாசல் பக்கம் டப்பாவோடு போய்ப் பதுங்கினால், கண்டுபிடிக்கப்படுவது டப்பாவாக இருக்காது, நீங்களாக இருப்பீர்கள்! தெரிந்தவர் தோப்பு, அனுமதி கொடுத்த தோட்டம், கண்ணாடி போன்ற டப்பா, மேலே உங்கள் பெயர். அப்புறம் மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிற பொறுமை. அது இருந்தால் மட்டும் வையுங்கள். தேடிப் போகிற வழியில் கிடக்கிற குப்பையை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வருவதும் இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம். 2002-ல் இருந்து அதற்கென்றே நாள் குறித்துக் கூடுகிறார்கள். நமக்கு அந்தப் பகுதிக்கு மட்டும் சாமான் குறைவே வராது.

மதுரைக்காரன் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் என் மேஜைக்கு வந்தார். கையில் போன். அவருடைய பெட்டியைக் கண்டுபிடித்த ஒரு குடும்பம் இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறது. அவர்களுடைய பையன் கோலிக்குண்டு வைத்துவிட்டு, கயிறு சுற்றிய ஒரு மரச் சாமானை எடுத்துக்கொண்டானாம். நான்கு நாளாக வீடு பூராவும் அதை வைத்துப் போராட்டம். கயிற்றைத் தரையில் இழுக்கிறார்களாம், கழுத்தில் மாட்டிப் பார்த்தார்களாம், ஒன்றும் நடக்கவில்லையாம். 'இதை எப்படி விளையாடுவது? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார்கள்.

அதை அப்படியே மதுரைக்கு அனுப்பினேன். அங்கே அப்போது அதிகாலை மூன்று மணி. இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. பதில் இல்லை, வீடியோ! மொட்டைமாடியில், டியூப்லைட் வெளிச்சத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாட்டையை எப்படிச் சுற்றவேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். பின்னணியில் அவன் அம்மா குரல்: "ஏண்டா, இந்த நேரத்துல என்னடா பம்பரம்?"